பெட்டி இல்லாமல் வந்தவர்

என் வீட்டுக்காரர் சூர்யபிரகாஷ் சிங்கப்பூரிலிருந்து ஊருக்கு வருகிறார் என்றால், எங்கள் சொந்தத்தில் யாரும் "எப்ப வாரார்?" என்று கேட்க மாட்டார்கள். "பெட்டி கட்டியாச்சா?" என்றுதான் கேட்பார்கள். ஆளைவிடப் பெட்டிக்குத்தான் மவுசு.

பெட்டி என்றால் சும்மா இல்லை. பெரியப்பா வீட்டுக்குச் சோப்பு, சின்னம்மா வீட்டுக்குச் சென்ட்டு, பிள்ளைகளுக்கு சாக்லேட், மூட்டுவலிக்காரர்களுக்குக் கோடாலித் தைலம், பக்கத்து வீட்டுக்கு டார்ச் லைட். யாராவது ஒருவர் விட்டுப்போனால் போச்சு, அடுத்த கல்யாண வீட்டில் முகத்தைத் திருப்பிக்கொண்டு போவார்கள். இத்தனைக்கும் அதே சோப்பும் அதே தைலமும் புதுக்கோட்டை கீழராஜ வீதியில் கடை கடையாகக் கிடைக்கின்றன. ஆனால் அது கடைச் சோப்பாம், இது சிங்கப்பூர்ச் சோப்பாம். என்ன வித்தியாசம் என்று கேட்டால் என்னைத்தான் ஒரு மாதிரி பார்ப்பார்கள். நான் மட்டும் என்ன யோக்கியம், போன தடவை நானும் ஒரு நான்ஸ்டிக் தவா கேட்டு வாங்கினவள்தான்.

அவர் அங்கே கப்பல் கட்டும் இடத்தில் வெல்டர். ஞாயிற்றுக்கிழமை லீவு. அன்றைக்கு நம் ஊர்க் கடைகள் இருக்கிற தேக்கா பக்கம் போய், ஆஃபரில் என்ன கிடைக்கிறதோ அதில் நாலு வாங்கிவந்து கட்டிலுக்கு அடியில் இருக்கும் பெட்டிக்குள் போடுவார். பெட்டி நிறைந்தால் ஊருக்கு வருவார். நிறையாவிட்டால் வர மாட்டார். வாரா வாரம் வாங்குவதால் பெரிய செலவாகத் தெரியாது. மொத்தமாகப் பார்த்தால் விமான டிக்கெட்டைவிடப் பெட்டிக்குத்தான் அதிகம் ஆகும். இந்தக் கூத்தில், இரண்டு தடவை கம்பெனியில் லீவு கொடுத்தும் மனுஷன் வரவில்லை.

நான் இங்கே திருக்கோகர்ணத்தில், கோயிலுக்குப் பின்னால் இருக்கிற தெருவில், இட்லி மாவு அரைத்து விற்கிறேன். எங்கள் மகள் அருணா இரண்டாம் வகுப்பு. அவள் அப்பா கடைசியாக வந்தபோது அவளுக்குப் பால் பற்கள்கூட முழுசாக முளைக்கவில்லை. ஒரு நாள் நான் மாவு பாக்கெட் கட்டிக்கொண்டிருந்தபோது பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள்.

"அம்மா, நம்ம அப்பா எவ்ளோ உசரம்?"

"வாசக்கதவுல தலை இடிக்கிற மாதிரி இருப்பாரு. ஏன்டி?"

"போன்ல சின்னதா இருக்காரே."

சிரித்துக்கொண்டுதான் சொன்னாள். நான் கட்டின பாக்கெட்டையே மறுபடியும் கட்டினேன். அவளுக்கு அப்பா என்றால் தினமும் சாயந்தரம் கையகலக் கண்ணாடிக்குள் வந்து "சாப்பிட்டியா பாப்பா" என்று கேட்கிற ஒரு முகம், அவ்வளவுதான். இப்படியே இன்னும் நாலு வருடம் போனால், நேரில் வந்து நிற்கிறவரை யாரோ என்றுதான் நினைப்பாள்.

அந்த ஞாயிற்றுக்கிழமை அவர் வீடியோ போன் போட்டார். பொங்கலுக்கு லீவு தருகிறார்களாம், ஆனால் சித்திரைக்குப் பார்க்கலாம் என்றார். ஏன் என்றேன். பெட்டி பாதிதான் நிறைந்திருக்கிறதாம். வந்ததே எனக்குக் கோபம்!

"ஏங்க, ஒண்ணு கேக்குறேன். ஒங்களுக்கு யாருங்க முக்கியம்?"

"இது என்ன கேள்வி பிரகதா? நீயும் பாப்பாவுந்தான்."

"சரி. இந்த வாரம் என்ன வாங்குனீங்க?"

"பச்சைச் சோப்பு. ஆஃபர் போட்டிருந்தான். பெரியப்பா வீட்டுக்கு."

"போன வாரம்?"

"சென்ட்டு. ராஜி சின்னம்மாவுக்கு ஒண்ணு, அவுக மருமகனுக்கு ஒண்ணு."

"அதுக்கு முந்தின வாரம்?"

அவர் கண் கட்டிலுக்கு அடியில் இருந்த பெட்டிப் பக்கம் போனது.

"முக்கியம்னு சொல்றது எங்கள. காசு போறது அங்கிட்டு. நீங்க சம்பாதிக்கிறது யாருக்குன்னு ஒங்க பர்சைக் கேட்டா சோப்புக் கம்பெனிக்குன்னு சொல்லும். ஒங்க மக நீங்க எவ்ளோ உசரம்னு எங்கிட்ட கேக்குறா. தெரியுமா?"

வாய் அடங்காத ஜாதி நான். கேட்டபிறகுதான் அவர் முகத்தைப் பார்த்தேன். கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தார். அப்புறம் மெதுவாகச் சொன்னார். அவர் அப்பா செத்தபோது கூட நின்றது இந்தச் சொந்தக்காரர்கள்தானாம். சிங்கப்பூர் ஏஜெண்டுக்குக் கட்டப் பணம் இல்லாமல் தவித்தபோது, பிச்சைமுத்து பெரியப்பா தன் வண்டி மாட்டை விற்றுக் கொடுத்தாராம்.

"அதைத்தான் மொத வருசமே திருப்பிக் குடுத்துட்டீங்களே!"

"காசைக் குடுத்துட்டேன். அதுக்காக வெறுங்கையோட போயி அவர் முன்னால நிக்க முடியுமா? அசிங்கமா இருக்காதா?"

அவர் சொல்வதிலும் நியாயம் இல்லாமல் இல்லை. நன்றி கெட்டவர் என்று பெயர் வாங்க எந்த ஆளுக்குத்தான் மனசு வரும்? ஆனால் அந்த நன்றியை என் மகள் தலையில் கட்டுவானேன்? நான் ஒரே பிடியாக நின்றேன். பெட்டிக்கு ஆகிற காசை வைத்துச் சம்பளமில்லாத லீவு ஒரு மாதம் சேர்த்துப் போடுங்கள், தோள்பையோடு வாருங்கள், சொந்தக்காரர்களை நான் பார்த்துக்கொள்கிறேன் என்றேன். அரை மனசாகச் சம்மதித்தார். அவரோடு அறையில் இருந்த மதுரைக்காரர் ஒருவர் ஊருக்குக் கிளம்பிக்கொண்டிருந்தார். பாதி நிறைந்த பெட்டியை வாங்கின விலைக்கே அவருக்குக் கொடுத்துவிட்டார்.

சொந்தக்காரர்களைப் பார்த்துக்கொள்கிறேன் என்று வாய்ச்சவடால் விட்டாயிற்று. வீடு வீடாகப் போய் என்னவென்று சொல்வது? எங்களுக்கு ஒரு வாட்ஸ்அப் குரூப் இருக்கிறது. அதில் வாய்ஸ் மெசேஜ் போட்டேன்.

"எல்லாருக்கும் வணக்கம். பொங்கலுக்கு அவரு வாரார். இந்தத் தடவ பெட்டி வராது. சோப்பு, சென்ட்டு, சாக்லேட் ஒண்ணும் கெடையாது. வேன் ஏற்பாடு பண்ணி ஏர்போர்ட்டுக்கு யாரும் வர வேணாம். அவரு மட்டுந்தான் வருவாரு. இனிமே இப்படித்தான். தப்பா எடுத்துக்காதீங்க."

எல்லோரும் அதைப் போட்டுக் கேட்டுவிட்டது தெரிந்தது. ஒரு பதில் இல்லை. மறுநாள் காலையில் யாரோ ரோஜாப்பூப் படத்தோடு காலை வணக்கம் போட்டார்கள். அதோடு சரி.

ஏர்போர்ட்டுக்கு நானும் அருணாவும் திருச்சி பஸ்ஸில் போனோம். பஸ் போகிற வழியில்தான் ஏர்போர்ட். முன்பெல்லாம் இரண்டு வேன் நிறைய ஆட்கள், வழியில் எல்லோருக்கும் டிபன், திரும்பும்போது பிரியாணி என்று அதற்கே தனியாக ஒரு செலவு ஆகும். இந்தத் தடவை இரண்டு டிக்கெட், ஒரு கடலைப் பொட்டலம்.

அவர் தோளில் ஒரு பையை மாட்டிக்கொண்டு வெளியே வந்தார். பெட்டி தள்ளுகிற வண்டி இல்லாமல் அவர் வருவதை நான் பார்த்ததே இல்லை. கையை எங்கே வைப்பது என்று தெரியாமல் இரண்டு கையையும் பிசைந்துகொண்டே வந்தார். அருணா என் பின்னால் ஒளிந்துகொண்டு எட்டிப் பார்த்தாள். அவர் குனிந்து கையை நீட்டினார். அவள் தலையை அண்ணாந்து கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "வாங்க" என்றாள். மாவு வாங்க வருகிறவர்களிடம் சொல்வாளே, அதே "வாங்க". அவருக்கு முகம் சுண்டிப் போய்விட்டது.

அன்று சாயந்தரம் வீட்டில் கேசரி கிண்டினேன், பஜ்ஜி மாவு கரைத்து வைத்தேன், பக்கத்து வீட்டில் நாலு நாற்காலி வாங்கிப் போட்டேன். அவர் குளித்து, புது வேட்டி கட்டி, தலை வாரிக்கொண்டு வாசலைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார். முன்பெல்லாம் இந்நேரம் வீடு கொள்ளாது. நடுவீட்டில் பெட்டியை வைத்துத் திறப்பார், சுற்றி நின்று எல்லோரும் எட்டிப் பார்ப்பார்கள்.

ஒருத்தர் வரவில்லை. பெரியப்பா வரவில்லை. சின்னம்மா வரவில்லை. தெருவில் ஒரு ஆட்டோ சத்தம் கேட்டால்கூட எழுந்து நின்றார். அது அடுத்த வீட்டுக்குப் போனது. கேசரி ஆறிக் கட்டியாகிவிட்டது.

"நான் சொன்னேன்ல பிரகதா" என்றார். கோபமாகச் சொல்லியிருந்தால்கூடப் பரவாயில்லை. சின்னப்பிள்ளை மாதிரிச் சொன்னார்.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. சோப்புக்கு வந்த கூட்டம், ஆளுக்கு வரவில்லை! ஒவ்வொருத்தருக்காகப் போன் போட்டு நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி கேட்டுவிடுவது என்று போனை எடுத்தேன். அவர் பிடுங்கி வைத்துவிட்டார். இதில் அருணா வேறு, அவருக்குத் தம்ளரில் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்துவிட்டு என்னிடம் வந்து, "அம்மா, அப்பா எப்பம்மா போவாங்க?" என்று மெதுவாகக் கேட்டாள். அவருக்குக் கேட்டுவிட்டது.

மறுநாள் காலையில் மாவு வாங்க வந்த பக்கத்து வீட்டு அக்கா, மீதிச் சில்லறையை வாங்காமல் "இருக்கட்டும்மா, ஒனக்கு ஆகும்" என்று சொல்லிவிட்டுப் போனார். ஒரு ரூபாய் குறைந்தாலும் நின்று கேட்கிற ஆள். எனக்கு ஒன்றும் புரியவில்லை.

உள்ளே வந்தால் அவர் சட்டை மாட்டிக்கொண்டு நிற்கிறார்.

"எங்கிட்டுக் கெளம்பிட்டீங்க?"

"கீழராஜ வீதிக்கு. அந்த சோப்பு, சென்ட்டு எல்லாம் அங்கயே கெடைக்கும்ல. வாங்கிட்டு வீடு வீடாப் போயிட்டு வந்துர்றேன்."

"லீவுக்கு வச்சிருக்க காசுங்க அது!"

"பதினஞ்சு நாள்ல திரும்பிப் போயிர்றேன். வேலையில சேந்துட்டா சம்பளம் வந்துரும். பாப்பாவே எப்பப் போவீங்கன்னுதான கேக்குறா."

வாசல் கம்பிக் கதவில் சாய்ந்து நின்றுவிட்டேன். வழியை மறித்தால் போக மாட்டார் என்று நினைத்தேன். மனுஷன் செருப்பைப் போட்டுவிட்டார்.

அப்போதுதான் ஒரு ஆட்டோ வந்து நின்றது. அதற்குப் பின்னால் இன்னொன்று. முதல் ஆட்டோவிலிருந்து ராஜலட்சுமி சின்னம்மா இறங்கினார், என் மாமியாரின் தங்கை. ஒரு கையில் அரிசிப் பை, ஒரு கையில் முருங்கைக்காய்க் கட்டு. என் வீட்டுக்காரரைப் பார்த்ததும் இரண்டையும் கீழே போட்டுவிட்டு ஓடிவந்து கட்டிப்பிடித்து ஓவென்று அழ ஆரம்பித்தார்.

"எஞ்சாமி! வேல போனாப் போகுதுய்யா! உசுரோட வந்து சேந்தியே, அது போதும்யா!"

அவர் திருதிருவென்று விழித்தார். நானும்தான். பின்னால் வந்த ஆட்டோவிலிருந்து ஆள் ஆளாக இறங்கினார்கள். கையில் கோழி முட்டை, வாழைத்தார், நிலக்கடலை, ஒரு டப்பா நெய். எல்லோர் முகமும் எழவு வீட்டுக்கு வந்த மாதிரி தொங்கிப் போயிருந்தது. கடைசியாகப் பிச்சைமுத்து பெரியப்பா தன் டிவிஎஸ் வண்டியில் வந்தார். அன்னவாசல் பக்கம் ஹாலோ பிளாக் பட்டறை வைத்திருக்கிறார். அதிகம் பேச மாட்டார். நேராக வந்து இவர் சட்டைப் பையில் ஒரு கவரைத் திணித்தார்.

"பட்டறையில மேப்பார்வைக்கு ஆள் இல்லாம கெடக்குது. நாளைக்கே வந்து ஒக்காந்துக்க. சிங்கப்பூர்ச் சம்பளம் எங்கிட்ட கெடையாது. சோறு இருக்கு."

அப்புறம்தான் விஷயம் விளங்கியது. நான் போட்ட வாய்ஸ் மெசேஜை எல்லோரும் திரும்பத் திரும்பக் கேட்டிருக்கிறார்கள். சிங்கப்பூரிலிருந்து ஒருத்தன் பெட்டி இல்லாமல் வருகிறான் என்றால் அதற்கு ஒரே அர்த்தம்தான் எங்கள் பக்கத்தில். வேலை போய்விட்டது. "இனிமே இப்படித்தான்" என்று வேறு நான் சொல்லியிருந்தேனா, அவ்வளவுதான், முடிவே கட்டிவிட்டார்கள். நேற்று சாயந்தரம் நாங்கள் வாசலைப் பார்த்துக்கொண்டிருந்த நேரத்தில், எல்லோரும் பெரியப்பா வீட்டில் கூடி, யார் என்ன கொடுப்பது என்று பேசியிருக்கிறார்கள்.

"நேத்தே வந்திருக்கலாம்ல அத்தை?" என்று சின்னம்மாவிடம் கேட்டேன்.

"மொத நாளே கூட்டமா வந்து நின்னா புள்ளைக்கு எவ்ளோ கூச்சமா இருக்கும்? ஒரு ராத்திரியாச்சும் நிம்மதியாத் தூங்கட்டும்னு பெரியவருதான் சொன்னாரு" என்றார் மூக்கைச் சிந்திக்கொண்டே.

எனக்கு அழுகையும் சிரிப்பும் ஒன்றாக வந்தது. சோப்புக்கு வந்த கூட்டம் என்று நேற்று மனசுக்குள் இவர்களை எப்படியெல்லாம் திட்டியிருந்தேன்! இவர் கையில் ஒன்றும் இல்லை என்று நினைத்தும் வந்திருக்கிறார்கள். வெறுங்கையோடும் வரவில்லை.

அவர் பெரியப்பாவின் கையைப் பிடித்துக்கொண்டார். "பெரியப்பா, வேலை போகலை. வேலை நல்லாத்தான் இருக்கு."

"அப்ப பெட்டி ஏன்டா வரல?"

அவர் தலையைக் குனிந்துகொண்டார். அப்புறம் எல்லோர் முன்னாலும் சொன்னார். பெட்டி நிறையாமல் எப்படி வருவது என்று இரண்டு தடவை லீவு கிடைத்தும் வராமல் இருந்தது, மகளுக்குத் தன் உயரம் தெரியாமல் போனது, இப்போதுகூடச் சோப்பு வாங்கத்தான் கடைக்குக் கிளம்பியது, எல்லாவற்றையும்.

பெரியப்பா அவர் மண்டையில் ஒரு குட்டு வைத்தார். "கூறுகெட்ட பயலே! ஒஞ் சோப்ப எவன்டா கேட்டான்?"

"நீங்கதான போன தடவ அந்தப் பச்சைச் சோப்பு நல்லாருக்குன்னு சொன்னீங்க."

"ஒரு புள்ள ஆசையா வாங்கிட்டு வந்தா நல்லாருக்குன்னு சொல்லாம, நாறுதுன்னா சொல்லுவாக? அந்த சோப்புப் போட்டா எனக்கு ஒடம்பெல்லாம் அரிப்பு. கடைசில மாடு குளிப்பாட்டித் தீத்தேன்."

கூட்டத்தில் யாரோ களுக்கென்று சிரித்தார்கள். அதோடு எழவு முகமெல்லாம் கலைந்துவிட்டது. ராஜலட்சுமி சின்னம்மா முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "எனக்கும் அந்த சென்ட்டு ஆகாதுய்யா. தும்மலா வரும். பீரோவுல மூணு பாட்டில் அப்படியே கெடக்கு, வேணும்னா நீ எடுத்துட்டுப் போ" என்றார். ஆளாளுக்கு ஆரம்பித்துவிட்டார்கள். ஒருத்தர் வீட்டு டார்ச்சுக்குப் பேட்டரியே கிடைப்பதில்லையாம். இதைக் கேட்டு அவர் சிரித்த சிரிப்பை நான் கல்யாணத்தன்றைக்குக்கூடப் பார்க்கவில்லை. இத்தனை வருட ஞாயிற்றுக்கிழமைகள் என்று நினைத்தபோது எனக்கு மட்டும் கொஞ்சம் வயிறு எரிந்தது.

எல்லோரும் நல்லவர்கள் என்று சொல்லிவிட மாட்டேன். சின்னம்மாவின் மருமகன் சிவபிரகாஷ் மட்டும் வரவில்லை. வேலை போகவில்லை என்று தெரிந்த பிறகும் வரவில்லை. எங்கே பார்த்தாலும் போனைப் பார்க்கிற மாதிரி நடிக்கிறார். நடித்துவிட்டுப் போகட்டும், ஒரு சென்ட்டு பாட்டிலோடு போகிற உறவு போவதே மேல்.

பெரியப்பா கொடுத்த கவரை இவர் திருப்பி நீட்டினார். அவர் வாங்கவில்லை. "வருசா வருசம் வா. வந்து மொகத்தக் காட்டு. எனக்கு அதாண்டா வேணும்" என்று சொல்லிவிட்டு வண்டியை எடுத்தார். மற்றவர்கள் முருங்கைக்காய்ச் சாம்பாரும் முட்டைக் குழம்பும் சாப்பிட்டுவிட்டுச் சாயந்தரம்தான் போனார்கள். நேற்றைய கேசரியைச் சூடு பண்ணிப் போட்டேன், அதுவும் காலி. கீழராஜ வீதிக்கு யாரும் போகவில்லை. லீவுக் காசு அப்படியே இருந்தது.

பொங்கல் முடிந்து பள்ளிக்கூடம் திறந்தது. காலையில் எனக்கு மாவு வியாபாரம் மும்முரமாக இருக்கும். அருணாவுக்கு ரெட்டைச் சடை பின்னுகிற வேலையை அவர் எடுத்துக்கொண்டார். இரும்பை இழை தெரியாமல் ஒட்டுகிற கைக்குச் சடை மட்டும் வரவில்லை. ஒன்று காதுக்கு மேலே நிற்கும், இன்னொன்று கழுத்தில் கிடக்கும். அவள் டாக்டர் முன்னால் உட்காருகிற மாதிரி அசையாமல் உட்கார்ந்திருப்பாள். முடிந்ததும் "தேங்க்ஸ்ப்பா" என்று சொல்லிவிட்டு எழுந்து போவாள். அந்த மரியாதையைப் பார்க்கப் பார்க்க அவருக்கு முகம் வாடும். தினமும் விடாமல் பின்னினார். பள்ளிக்கூடத்துக்குக் கொண்டுபோய் விட்டார். வழியில் என்ன பேசிக்கொண்டு போவார்களோ, அவள் மெல்ல மெல்ல அவர் கையைப் பிடித்துக்கொண்டு போக ஆரம்பித்தாள்.

தை கடைசியில் ஒரு நாள் காலையில் உள்ளேயிருந்து அப்படி ஒரு சத்தம். மாவுக் கரண்டியோடு ஓடினேன். அருணா சீப்பைத் தூக்கி எறிந்துவிட்டு, காலை உதைத்துக்கொண்டு நிற்கிறாள்.

"எத்தன நாளு பொறுத்துக்கிறது! வலிக்குதுப்பா! எல்லாரும் கோணச்சடைன்னு சிரிக்கிறாங்க! நீ ஒண்ணும் எனக்குப் பின்ன வேணாம், போ!" என்று கத்திவிட்டு, அவர் முதுகில் இரண்டு கையாலும் ஓங்கி ஓங்கிக் குத்தினாள். அப்புறம் அந்த முதுகிலேயே முகத்தை வைத்துக்கொண்டு அழுதாள்.

நான் அதட்டப் போனேன். அவர் கையைக் காட்டி என்னை நிறுத்தினார். கண் நிறையத் தண்ணீர், வாய் நிறையச் சிரிப்பு. "பிரகதா, பாத்தியா? என்னைத் திட்டிட்டாடி" என்றார். ஏதோ பரிசு வாங்கினவர் மாதிரி!

அப்புறம் அவளைச் சமாதானப்படுத்தி, எண்ணெய் வைத்து, வகிடு எடுத்து, முதலிலிருந்து பின்னினார். அன்றைக்குப் பள்ளிக்கூடத்துக்கு லேட்டாகத்தான் போனாள். அவளைக் கொண்டுபோய் விட்டுவிட்டு வந்தவர், செருப்பைக்கூடக் கழற்றாமல் வாசலில் நின்றே சிங்கப்பூருக்குப் போன் போட்டார். அங்கே அவருடைய சூப்பர்வைசர் தஞ்சாவூர்க்காரர். அடுத்த வருடமும் இதே மாதம் தனக்கு லீவு வேண்டும், அதற்கடுத்த வருடமும் வேண்டும், இப்போதே எழுதி வைத்துக்கொள்ளச் சொன்னார். அந்தப் பக்கம் என்ன கேட்டாரோ தெரியவில்லை.

"இல்ல சார், கல்யாணம் காதுகுத்து ஒண்ணும் இல்ல" என்றார் இவர். "புள்ளைக்குச் சடை பின்னணும்."